எதிரொலிக்குக் கட்டிய வெள்ளை

பொல்வத்துக்கந்தை ரப்பர்த் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் இரத்தினசபாபதியின் முன்கூடத்தில் ஒரு வாரமாக ரயில் தடம்புரண்டுகொண்டிருந்தது.

உண்மையான ரயில் அல்ல, இசைத்தட்டு ரயில். மாவனல்லை மஷூரிடம் அவர் வாங்கிய ஸ்டீரியோ செட்டோடு இனாமாக வந்தது. செட்டின் மகிமை விளங்காதவர்களுக்கு அதை விளக்குவதற்கென்றே எவனோ வெள்ளைக்காரன் பதிந்த தட்டு. ஒரு பக்கம் வயலின், மறுபக்கம் ரயில். ஊசியை வைத்தால் ரயில் இடப்பக்க ஸ்பீக்கர்ப் பெட்டியில் ஊதிக் கிளம்பி, கேட்பவரின் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓடி, வலப்பக்கப் பெட்டிக்குள் புகுந்து மறைய வேண்டும். மஷூரின் கடையில் அப்படித்தான் ஓடியது. அது புடவைக் கடை. திறந்த பொருளாதாரம் வந்த பிறகு, குவைத்திலிருந்த மச்சான் அனுப்பிய செட்டுகளை மஷூர் சீத்தைத் துணிக் கட்டுகளுக்கும் சாரம் அடுக்குகளுக்கும் நடுவே வைத்து விற்றார். அங்கே நின்று கேட்ட இரத்தினசபாபதி ரயிலோடு சேர்ந்து தன் கழுத்தையும் இடமிருந்து வலம் திருப்பினார். கழுத்து வலப்பக்கம் போய் முட்டியதும், "கட்டும் ஐசே" என்றார்.

வீட்டில் கதை வேறு. சீமெந்துத் தரை, சுண்ணாம்புச் சுவர், மேலே தகரம். ஊசியை வைத்ததும் ரயில் நாலு சுவராலும் வந்தது, கூரையாலும் வந்தது. ரம்புக்கனை ஸ்டேசனுக்கும் வராமல் பொல்கஹவலை ஸ்டேசனுக்கும் போகாமல் கூடத்தின் நடுவில், சரியாக அவருடைய சாய்மனைக் கதிரையில், குடை சாய்ந்தது. வயலினோ குளியலறைக்குள் யாரோ வாளி உருட்டுவதுபோல் இருந்தது.

தனியாகக் கேட்டு ஏமாந்திருந்தால் பரவாயில்லை. செட் வந்திறங்கிய அன்றே இரத்தினசபாபதி உத்தியோகத்தர் கிளப்பில், இந்த மாவட்டத்திலே இப்படியொரு சத்தம் இன்னும் கேட்கப்படவில்லை என்று அறிவித்துவிட்டார். அவர் எதையும் சொல்வதில்லை, அறிவிப்பார். கந்தோரில் பியோனிடம் ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்குக்கூடத் தொண்டையைச் செருமிக்கொள்வார். கிளப்பின் மூலையில் பில்லியர்ட்ஸ் பந்தடித்துக்கொண்டிருந்த தோட்டத்து மனேஜர் துரை கோலைச் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

"மிஸ்டர் சபாபதி, என்னுடைய பங்களாவில் கம்பளம் இருக்கிறது, கனத்த திரை இருக்கிறது. அதனால் செட் பாடுகிறது. உங்கள் குவாட்டர்ஸில் ஸ்டீரியோ வைப்பது கிணற்றுக்குள் ஆட்டை இறக்குவது மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். துரை சொன்னால் சிரிக்கத்தானே வேண்டும்.

"சேர் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வந்து கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்றார் இரத்தினசபாபதி. அந்த வாக்கியம் தன் வாயிலிருந்துதான் வந்தது என்பது வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது.

மனைவி கனகாம்பிகை விஷயத்தை இன்னும் சுருக்கினாள். "துரை நல்லது எண்டு சொன்னால் இருக்கட்டும். இல்லையெண்டால் மஷூர் நானாவின்ர வானிலை உது போகட்டும். வீட்டுக்குள்ளை நிலநடுக்கம் வைச்சுக்கொண்டு என்னாலை சீவிக்கேலாது."

மஷூரும் ஒத்துக்கொண்டிருந்தார். "கிளாக்கர் மஹத்தயா, மனசுக்குப் புடிக்கல்லன்னா செல்லுங்க. ஞாயித்துக்கெழம பின்னேரம் அந்தப் பக்கம் வார வேல ஈக்கி. வான்ல ஏத்திக்கிட்டுப் போறேன்."

ஆக, செட் இருப்பதும் போவதும் துரையின் ஒரு சொல்லில் தொங்கியது. துரையின் சொல்லோ ரயிலில் தொங்கியது.

இந்த நேரத்தில்தான் கிளப்பின் பழைய சஞ்சிகைக் கட்டுக்குள் அந்த ஆங்கிலச் சஞ்சிகை அகப்பட்டது. ஒலியின் எதிரி கடினம், அதன் நண்பன் மென்மை என்று அதில் இருந்தது. வெறும் சுவர் சத்தத்தைப் பந்துபோல் திருப்பி அடிக்கிறதாம். திரை, மெத்தை, குஷன், கம்பளம் எல்லாம் அதைக் குடித்துவிடுகின்றனவாம். படத்தில் ஒரு வெள்ளைக்காரி, காலடி புதையும் கம்பளத்தில் பூனையோடு படுத்து வயலின் கேட்டுக்கொண்டிருந்தாள். இரத்தினசபாபதி சஞ்சிகையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அவர் வீட்டில் பூனை இல்லை. மற்றதெல்லாம் தேடினால் இருந்தது.

முதலில் கனகாம்பிகையின் சேலைகள் ஜன்னல்களுக்குப் போயின. பிறகு தலையணைகள் மூலைகளுக்கு. பிறகு சாப்பாட்டு மேசை விரிப்பு, பாய்கள், சாமியறை முன்னால் கிடந்த கால்துடைப்பான். ரயில் அசையவில்லை. ரப்பரும் மென்மைதானே என்று தோன்றியது. புகைவீட்டிலிருந்து நாலைந்து ரப்பர் ஷீற் எடுப்பித்துச் சுவரில் தொங்கவிட்டார். ரயில் கொஞ்சம் தணிந்தது. ஆனால் வீட்டுக்குள் யாராலும் மூச்சு விட முடியவில்லை. புகைபிடித்த ரப்பரின் நாற்றம் சோற்றிலும் ஏறியபோது கனகாம்பிகை ஷீற்றுகளைக் குச்சியால் தள்ளி முற்றத்தில் போட்டாள்.

வெள்ளிக்கிழமை கட்டில் மெத்தைகளின் முறை. இரண்டு தும்பு மெத்தைகளும் கூடத்துச் சுவரில் நிமிர்ந்து நின்றன.

"அப்ப நான் எங்கை படுக்கிறது?"

"சயன்ஸுக்காக ஒரு ரெண்டு நாள் பொறுக்கக்கூடாதே?"

கனகாம்பிகை அன்றிரவு சீமெந்துத் தரையில் ஒரு பழைய சாக்குப் பாயில் படுத்தாள். விடிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது. சமையலுக்கு உதவத் தொழிலாளர் லயத்திலிருந்து வரும் அழகம்மா காலையில் எட்டிப் பார்க்கையில், அம்மா வெறுந்தரையில் மல்லாக்கக் கிடந்து "ஐயோ முருகா" என்று முனகிக்கொண்டிருந்தாள். அழகம்மா பயந்துபோனாள். அவள் கண்டவரையில் ஒரு மனுசியைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் கிடத்துவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான்.

"என்னாங்கய்யா, அம்மாவ எறக்கிட்டீங்க?"

இரத்தினசபாபதி இடப்பக்கப் பெட்டியை வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். "ஓமோம். நீ போ. ரெண்டு நாளைக்கு வராதை. இங்கை ஆள் நடமாட்டம் வேண்டாம்."

அழகம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அரை மணி நேரத்துக்குப் பின், இடுப்பைப் பிடித்தபடி எழுந்த கனகாம்பிகை ஒரு பையில் இரண்டு சேலையைத் திணித்தாள். ஜன்னலுக்குப் போகாமல் தப்பியவை அவ்வளவுதான். "வரக்காப்பொலைக்கு அண்ணை வீட்டை போறன். அங்கை மெத்தை இருக்கு. நாளைக்குப் பின்னேரம் வருவன். அதுக்குள்ளை உங்கட ரயில் ஓடவேணும், இல்லையெண்டால் உந்தச் சாமான் ஓடவேணும்." மழை தூறிக்கொண்டிருந்தது. ரப்பர்ப் பால் வெட்டுக்காரர் எல்லாரும் ஒதுங்கி நின்ற நேரம். குடைக்குள் போன அவளை யாரும் காணவில்லை.

வெயில் வந்ததும் இரத்தினசபாபதி மெத்தைகளை முற்றத்தில் காயப் போட்டார். ஈர மெத்தை சத்தத்தைக் குடிக்காது என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு, சஞ்சிகையில் இல்லை. மலையிலிருந்து பால் வாளியோடு இறங்கியவர்கள் அம்மாவின் மெத்தை வெளியே கிடப்பதைக் கண்டார்கள். கண்டு, தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒருவருடைய படுக்கையை வெளியே எறிவது எப்போது என்பது அவர்களுக்கும் தெரியும்.

மிச்சமிருந்தது கூரை. தகரத்துக்குக் கீழே துணி கட்டினால் உயரே போகும் சத்தமும் அடங்கும் என்று சஞ்சிகை சொன்னது. கூடம் முழுவதற்கும் துணிக்கு எங்கே போவது? அவருக்கு உடனே டோபி இருளப்பன் நினைவுக்கு வந்தான். நாலு தோட்டத்துத் துணியும் அவனிடம்தானே.

"இருளப்பன், நாளைக்குக் காலமை ஹோல் முழுக்க மேலாலை வெள்ளை கட்டவேணும். ஒரு இடம் விடக்கூடாது."

இருளப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான். ஒரு வீட்டில் கூரைக்குக் கீழே வெள்ளை கட்டச் சொன்னால், யாருக்கு, எதற்கு என்று டோபி கேட்பதில்லை. கட்டுவான். தாலி ஏறவேண்டும், பிள்ளை பெரியவளாக வேண்டும், இல்லையென்றால் உயிர் போகவேண்டும். வேறெதற்கு மனிதர் வெள்ளை கட்டுகிறார்கள்? கிளாக்கரையாவுக்கு இருப்பது இரண்டு ஆண்பிள்ளைகள், இருவரும் யாழ்ப்பாணத்து விடுதியில். கல்யாணமும் இல்லை, சடங்கும் இல்லை. ஐயாவோ எதிரில் நிற்கிறார்.

"ஆகட்டுங்கய்யா" என்றான் இருளப்பன். குரல் உடைந்தது. "மனச விட்டுறாதீங்க."

"நான் விடேன்" என்றார் இரத்தினசபாபதி. துரை வரும் விஷயம் டோபிவரைக்கும் தெரிந்திருப்பது அவருக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் பிறந்த மனிதனுக்கு வீட்டில் வெள்ளை கட்டினால் என்ன அர்த்தம் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். சஞ்சிகை வாசித்த மனிதனுக்குத்தான் தெரியாது.

ஞாயிறு காலையில் இருளப்பன் வந்து கட்டினான். நேர்த்தியாக, ஒரு சுருக்கு இல்லாமல். மெத்தைகள் மறுபடி சுவரில் ஏறின. ஊசியை வைத்துப் பார்த்தார். ரயில் கொஞ்சம் மெலிந்திருந்தது. ஆனாலும் வளைவில் புரண்டது. இன்னும் ஏதோ ஒன்று குறைந்தது. சஞ்சிகையை முன்னாலும் பின்னாலும் புரட்டினார். பூனை ஒன்றுதான் பாக்கி.

இரண்டு மணியளவில் கன்னையா கங்காணி வந்தார். பின்னால் லயத்து ஆட்கள். வழக்கமாக விறாந்தையின் விளிம்பில் நின்று தலையைச் சொறிகிறவர்கள், அன்று செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கூடத்துக்குள் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவர்களுடைய கண்கள் கூடத்தின் நடுவில் எதையோ தேடின.

இரத்தினசபாபதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன கங்காணி?"

கன்னையா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருட உத்தியோகத்தில் ஒரு கங்காணி அவர் கையைப் பிடித்ததே இல்லை. "நாங்க இருக்கோமுங்கய்யா. வேற என்னாத்தச் சொல்ல."

ஓகோ. தோட்டமே திரண்டு வந்திருக்கிறது. துரைக்கு முன்னால் தங்கள் பெரிய கிளாக்கர் தோற்றுவிடக் கூடாதென்ற கவலை.  உள்ளே வந்துவிட்டவர்களை இருக்க விடுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தவர், "சரி இருங்கோ, பெட்டியிலை மட்டும் ஒருத்தரும் சாயக்கூடாது" என்றார்.

"தப்பு அடிக்கிறவங்களுக்குச் சொல்லி விடவாங்கய்யா, வேணாமுங்களா?"

"வேறை ஒரு சத்தமும் வேண்டாம். செட் மட்டுந்தான்."

கன்னையா பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். பெரிய மனுசங்க வீட்டில் இப்படித்தான் போலிருக்கிறது.

இரத்தினசபாபதி வயலின் பக்கத்தைப் போட்டார். வில் இழுபட்ட மாத்திரத்தில் அழகம்மாவின் தோள்கள் குலுங்கின. பிறகு இன்னொருத்தி. பிறகு பெண்கள் பக்கம் முழுவதும் மூக்கு உறிஞ்சியது. இரத்தினசபாபதி அசந்துபோனார். எழுத்து வாசனை இல்லாத சனம். வயலினுக்கு இப்படி உருகுகிறதே!

"மகராசி... ஒரு வாய்ச் சோறு திங்காமப் போக விட்டதில்லையே என்னய..." என்று அழகம்மா ராகத்தோடு தொடங்கினாள்.

"உஷ்! அழுகிறதெண்டால் சத்தமில்லாமல் அழு. கீழ் ஸ்வரம் கெட்டுப்போகும்."

அழகம்மா தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள்.

பாதையோரக் கடை முதலாளி வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். சந்தியிலிருந்து வாசல்வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டியாயிற்று என்று தாழ்ந்த குரலில் சொல்லி, "ஹரி துக்கய் மஹத்தயா" என்றார். கொடி எதற்கு? துரையை வரவேற்கவா? அதில் துக்கம் எங்கே வந்தது? இரத்தினசபாபதி "தேங்க் யூ" என்று சொல்லிவைத்தார். சிங்களத்தில் ஏதாவது உபசார வார்த்தையாக இருக்கும். சனம் வந்துகொண்டேயிருந்தது. மேல் டிவிசன், கீழ் டிவிசன், தொழிற்சாலை ஆட்கள். முழங்காலோடு முழங்கால் இடித்தது. உட்கார இடமில்லாதவர்கள் மெத்தைகளோடு ஒட்டி நின்றார்கள்.

அவர் தட்டைத் திருப்பி ரயிலை வைத்தார்.

வந்தது ரயில்! இடப்பக்கப் பெட்டியில் தூரத்தில் ஊதியது. நெருங்கியது. புரளவில்லை, சிதறவில்லை, கூரைக்கு ஏறவில்லை. தண்டவாளத்தின் ஒவ்வொரு மூட்டும் தனித்தனியாகத் தட்ட, அவர் மூக்குக்கு முன்னால் குறுக்காக ஓடியது. கூடம் நிறைந்த அத்தனை தலைகளும் அதோடு இடமிருந்து வலம் மெல்லத் திரும்பின. கடைசிப் பெட்டியும் வலப்பக்கம் போய் மறைந்தது. பொல்கஹவலை தாண்டியாயிற்று.

"அம்மாவ ரயில்ல கொண்டாராங்க போல" என்று கன்னையா பக்கத்தில் கிசுகிசுத்தார்.

"அப்ப ஸ்டேசனுக்கு ஆள் போகணுமே" என்றான் இருளப்பன்.

இரத்தினசபாபதியின் காதில் அது விழவில்லை. வெள்ளையா? மெத்தையா? பெட்டியைத் திருப்பியதா? எது வேலை செய்தது? காலையில் இதே வெள்ளை, இதே மெத்தை. அப்போது புரண்ட ரயில் இப்போது எப்படி ஓடுகிறது? அவர் அண்ணாந்து வெள்ளையைப் பார்த்தார், குனிந்து சஞ்சிகையைப் பார்த்தார். அவருக்கு முன்னால் முழுத் தோட்டமும் பருத்திச் சேலையும் சாரமும் வேட்டியும் சதையுமாகச் சத்தத்தைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பக்கம் அவர் பார்க்கவேயில்லை. சஞ்சிகையின் பட்டியலில் ஆட்கள் இருக்கவில்லை.

நாலு மணிக்குத் துரையின் ஜீப் நின்றது. வாசலில் கொடியைக் கண்டதுமே துரை தொப்பியைக் கழற்றிவிட்டார். உள்ளே வந்து வெள்ளையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், தலை குனிந்தார்.

"சபாபதி, எனக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை."

"அறிவித்தேனே சேர். நாலு மணி என்று."

துரை அவரை உற்றுப் பார்த்தார். "உட்காருங்கள் சேர், இதுதான் சரியான இடம்" என்று இரத்தினசபாபதி கதிரையைக் காட்டினார். துரை உட்காரவில்லை. ரயில் மறுபடி ஓடியது. தலைகள் திரும்பின. துரையின் தலையும் திரும்பியது. ஓடி முடிந்ததும் இரத்தினசபாபதி பரீட்சை எழுதிய மாணவன்போல் கைகட்டி நின்றார்.

"எப்படி சேர்? உண்மையைச் சொல்ல வேண்டும்."

துரை மெதுவாக அவருடைய தோளில் கை வைத்தார். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். "நல்லது, சபாபதி. மிக மிக நல்லது. நான் இப்படிக் கேட்டதேயில்லை. நீங்கள் கொஞ்சம் படுத்துக்கொள்ளுங்கள்."

வெற்றி. இரத்தினசபாபதி கண்ணை மூடிக் கதிரையில் சாய்ந்தார். மறுபடி ஊசியை வைக்கச் சொல்லி இருளப்பனுக்குக் கைகாட்டினார். செட் இனி வீட்டை விட்டு அசையாது.

ரயில் நடுக்கூடத்தைக் கடந்துகொண்டிருந்தபோது வலப்பக்கத்தில் ஒரு பெண்ணின் ஓலம் எழுந்தது.

"ஐயோ என்ர ராசா! என்னை விட்டிட்டுப் போட்டியளே! ஒரு மெத்தைக்குச் சண்டை பிடிச்ச பாவி நான்! உந்த மெத்தை முழுக்க நீங்களே வைச்சிருந்திருக்கலாமே!"

எவ்வளவு துல்லியம்! வலப்பக்கப் பெட்டியில் இப்படியொரு குரல் பதிவாகியிருந்தது முன்னால் கேட்கவேயில்லையே என்று இரத்தினசபாபதி வியந்தார். ஸ்டேசனில் யாரோ யாரையோ வழியனுப்புகிறார்கள். தமிழிலேயே பதிந்திருக்கிறான் வெள்ளைக்காரன்.

கண்ணைத் திறந்தபோது வலப்பக்கத்து வாசலில் கனகாம்பிகை குடையை எறிந்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸால் இறங்கியவள் சந்தியில் வெள்ளைக் கொடியைக் கண்டு, பாவம் ஆரோ செத்திட்டினம் என்று நினைத்திருக்கிறாள். கொடிகள் அவளுடைய வீட்டுப் பாதைக்குத் திரும்பின. அவள் ஓடத் தொடங்கினாள்.

அழகம்மா அவளைக் கண்டாள். வாய்க்குள் இருந்த தலைப்பு கீழே விழுந்தது. "ஆத்தாடி! அம்மா!"

அதற்குப் பிறகு கூடத்தில் நடந்ததைச் சத்தம் என்றுதான் சொல்லவேண்டும். அதற்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. பெண்கள் பக்கம் ஒரே பாய்ச்சலில் முற்றத்துக்குப் போனது. ஆண்கள் பக்கம் வீரத்தோடு கொஞ்சம் நின்றுவிட்டுப் பிறகு போனது. ஒரு மெத்தை சரிந்து கடை முதலாளியின் மேல் விழுந்தது.

கனகாம்பிகை கதிரையில் இருந்த புருஷனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். "நீங்கள் சாகேல்லையே?"

"நான் ஏன் சாகவேணும்?"

"அப்ப செத்தது ஆர்?"

"ஆரும் செத்தவையே?" என்று இரத்தினசபாபதி கன்னையாவைக் கேட்டார்.

"அம்மாதாங்கய்யா" என்றார் கன்னையா, அம்மாவைப் பார்த்தபடியே. சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரியாக இருந்தது. "இருளப்பன்தான் சொன்னான்."

"நான் எங்கண்ணே சொன்னேன்? ஐயா வெள்ள கட்டச் சொன்னாங்க, கட்டுனேன். அம்மாவத் தரையில எறக்கிட்டாங்கன்னு அழகம்மாதான் சொல்லிச்சு."

"எறக்கித்தானே கெடந்தாங்க!" என்றாள் அழகம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று. "மெத்தையக்கூட வெளியில எறிஞ்சாச்சு. பொறகு நா என்னாத்த நெனைக்கிறது? இப்ப வந்திருக்கது அம்மாதானா, கால் தரையில படுதான்னு பாருங்கண்ணே!"

துரை தொப்பியைத் தலையில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். இப்படியான வேளையில் தொப்பி எங்கே இருக்கவேண்டும் என்று யாரும் அவருக்குப் பழக்கியிருக்கவில்லை. "மிஸிஸ் சபாபதி, உங்களைக் கண்டது சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு ஜீப்புக்குப் போய்விட்டார்.

ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வெறுங்கூடம். வெள்ளை இருந்தது, மெத்தை இருந்தது, சேலைகள் இருந்தன. ரயில் நாலு சுவரிலும் மோதித் தடம்புரண்டது.

இரத்தினசபாபதி திடுக்கிட்டார். "பொறு பொறு, இப்ப ஏன் இப்பிடி?"

வாசலில் மஷூர் நின்றார், தலையில் தொப்பியோடு, முகத்தைத் துக்கமாக்கி. "இன்னா லில்லாஹி... கொடியக் கண்டேன். எப்ப நடந்த?" என்றவர் கனகாம்பிகையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "அப்ப யாருக்கு?"

"இன்னும் ஆருக்கும் இல்லை" என்றாள் கனகாம்பிகை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்து கண்ணைத் துடைத்தாள். முற்றத்தில் ஒரு தோட்டமே விழித்துக்கொண்டு நின்றது. வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பும் குணம் அவளுக்கு இல்லை. "எனக்காக வந்து அழுத சனம். தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. உள்ளை வாங்கோ, மழை வருது."

ஒவ்வொருவராக வந்தார்கள். அழகம்மா அம்மாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு இருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொன்ன பிறகு அடுப்படிக்குப் போனாள். கூடம் மறுபடி நிறைந்தது. இரத்தினசபாபதி நம்பிக்கையில்லாமல்தான் ஊசியைத் தொடக்கத்துக்கு வைத்தார். மழை வேறு தகரத்தில் விழத் தொடங்கியிருந்தது.

ரயில் இடப்பக்கத்தால் வந்தது. ஆடாமல் அசையாமல் வந்தது.

அவர் பெட்டியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார். அவருடைய மூளைக்குள் ஏதோ ஒன்று வந்து கதவைத் தட்டியது. அவர் திறக்கப் போய், பாதியில் நின்றுகொண்டார்.

"துரை நல்லதெண்டு சொன்னவர்" என்றார் மனைவியிடம். "மிக மிக நல்லதெண்டு. இத்தனை பேரும் சாட்சி."

"செத்தவீட்டிலை சொன்ன சொல்லு கணக்கில்லை" என்றாள் கனகாம்பிகை. "எல்லாரும் நல்லதெண்டுதான் சொல்லுவினம். எனக்கும் ஆரோ மகராசி எண்டு சொன்னதாம்." அவள் மஷூரின் பக்கம் திரும்பினாள். "நானா, தூக்குங்கோ."

மஷூர் இடப்பக்கப் பெட்டியிடம் குனிந்தார். ரயில் அப்போதுதான் அதிலிருந்து வெளிக்கிட்டு நடுக்கூடத்துக்கு வந்திருந்தது. தேத்தண்ணிக் கோப்பைகளோடு எல்லாத் தலைகளும் திரும்பிக்கொண்டிருந்தன. கனகாம்பிகையின் தலையும்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள் அவள். "அது போய் முடியட்டும். பிறகு தூக்குங்கோ."

இரத்தினசபாபதிக்கு அவ்வளவு நேரம் போதும். அவர் குனிந்து, ஒரு கங்காணியின் காதோரம் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொண்டையைச் செருமாமல் பேசினார். "கங்காணி, இந்த ஆட்களை எல்லாம் கூட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறும் வரலாமோ? இதே மாதிரி, நெருக்கமாய் இருக்கவேணும்."

கன்னையா கோப்பையைக் கீழே வைத்தார். கனகாம்பிகையைப் பார்த்தார், மேலே வெள்ளையைப் பார்த்தார், கடைசியாக ஐயாவைப் பார்த்தார். துக்கம் விசாரிக்கும் குரல் அவருக்குத் தானாகவே வந்துவிட்டது.

"வாறோமுங்கய்யா. அடுத்த ஞாயித்துக்கெழம யாருங்க?"